இந்தக் கார்த்திகையில் உனக்கு மாலை போட மாட்டேன்

தம்பி செந்தில்,

ஞாயிற்றுக்கிழமை நீ வந்துபோனதிலிருந்து இங்கே மழை விடவேயில்லை. நடவு முடிந்த வயலில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. போய் வடிகாலை வெட்டிவிட்டு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனிலேயே பேசிவிடலாமே என்று உன் அம்மா சொன்னாள். போனில் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி முடித்துவிடுவாய். எனக்கும் பாதியில் கோபம் வந்து, சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையாவது பேசிவிடுவேன். எழுதினால் தப்பான வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதலாம். முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கார்த்திகை முதல் தேதி நீ கேட்டுக்கொண்டபடி உன் கழுத்தில் நான் மாலை போட மாட்டேன். ஏன் என்பதை முழுக்கப் படித்துவிட்டு, அதற்குப் பிறகு என்மேல் கோபப்படு.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று ஒரு முறை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். எடையைக் குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறாய். இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, சின்னக் குழாய் அளவுக்கு விட்டுவைப்பார்கள். தஞ்சாவூர் டாக்டர் கார்த்திகை நடுவில் தேதி கொடுத்திருக்கிறார். அதற்கு முன்னால் இரண்டு வாரம் நீர் ஆகாரம் மட்டும்தான். அப்புறம் ஒரு மாதமாவது ஓய்வு. இதையெல்லாம் உன் ரைஸ் மில் முதலாளியம்மாவிடம் சொல்ல உனக்கு மனம் வரவில்லை. மாலை போட்டுவிட்டால் குறைவாகச் சாப்பிடுவதை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். இளைத்தால் விரதம் என்பார்கள். மலைக்குப் போகிறேன் என்றால் லீவும் மறுபேச்சில்லாமல் கிடைக்கும். மாலை போட்டுவிடக் குருசாமியைத் தேடிப் போகவும் வேண்டாம், வருஷா வருஷம் ஊர்க்காரர்களுக்கெல்லாம் மாலை போட்டு இருமுடி கட்டி மலைக்குக் கூட்டிப்போகிறவன் உன் அப்பன்தான். கெட்டிக்கார யோசனைதான், ஒத்துக்கொள்கிறேன். நீ சொன்னபோது எனக்கே ஒரு நிமிஷம் சரியென்றுதான் பட்டது. அதனால்தான் அன்றைக்கு வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினேன், நீயும் நான் சம்மதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கிளம்பினாய்.

ஆனால் நீ அந்த யோசனையைச் சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால் நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதை நீ மறந்திருக்க மாட்டாய். ஆபரேஷன் என்று நீ சொன்னதும், "வாயைக் கட்டுனா ஆகாதா தம்பி? இதுக்குப் போயி வயித்த அறுத்துக்கணுமா?" என்று கேட்டேன். நீ தட்டில் பாதிச் சோற்றோடு எழுந்துபோய்க் கை கழுவினாய். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் மாலைப் பேச்சை எடுத்தாய். அந்த இரண்டுக்கும் இருக்கும் தொடர்பு எனக்கு அப்போது உறைக்கவில்லை. மறுநாள் கயல் போன் செய்தாள். உன் பெண்டாட்டி எங்களிடம் அதிகம் பேசுகிறவள் இல்லை, உனக்கே தெரியும். அன்றைக்கு மட்டும் மூச்சுவிடாமல் பேசினாள். "மாமா, அவங்க வாயைக் கட்டாத வருஷமே கிடையாது. தூங்குறப்ப மூச்சு நின்னு நின்னு வருது, நான்தான் தோளைத் தட்டித் தட்டி எழுப்புறேன். நீங்களே இப்படிக் கேட்டா, வெளியில இருக்குறவங்ககிட்ட அவங்க எப்படி மாமா சொல்லுவாங்க?" என்றாள்.  

அவள் சொன்னது உண்மைதான். நீ கொள்ளுக் கஞ்சியாகக் குடித்த வருஷத்தை நான் பார்த்தேன். சோற்றையே விட்டுவிட்டுக் கோதுமையில் இருந்ததையும் பார்த்தேன். விடிவதற்கு முன்னால் எழுந்து ஆற்றங்கரைச் சாலையில் நடந்தாய். இளைப்பாய், நாங்கள் சந்தோஷப்படுவோம். அடுத்த குறுவை அறுப்புக்குள் பழையபடி ஏறிவிடும், கூடக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டும் வரும். விட்டுவிட்டான், மனசு திடமில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன், வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர. நீ நாலு பேர் செய்கிற முயற்சியை ஒருவனாகச் செய்திருக்கிறாய். உடம்பு கேட்கவில்லை. இது ஒரு நோய், மனசின் சோம்பல் இல்லை என்று டாக்டர் சொன்னதைக் கயல் எனக்கு எடுத்துச் சொன்னாள். சொந்த மகனைப் பற்றிய இந்தச் செய்தியை மருமகள் வாயால் கேட்கும்படி ஆனது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அன்றைக்குக் கேட்ட கேள்விக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், தம்பி.

நீ ஏன் மறைக்க நினைக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. உன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் என்னோடு மலைக்கு வந்தாய். நீலிமலை ஏற்றத்தில் உனக்கு மூச்சு வாங்கியது, கால் வீங்கிவிட்டது. நான்தான் டோலி பார்த்துக் கூட்டிவந்தேன். தூக்குகிறவர்கள் நான்கு பேரும் உன்னைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பார்வை போதும். நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்தாய். நம் கூட்டத்தை முன்னால் அனுப்பிவிட்டு நானும் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருட்டுகிற நேரம் வரைக்கும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினோம். படியேறித் தரிசனம் முடிந்து இறங்கும்போது, "இனிமே நான் வரலைப்பா" என்றாய். அதற்கப்புறம் நானும் உன்னைக் கூப்பிடவில்லை. இப்போது நீயாகவே மாலை கேட்டபோது எனக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். எதற்காகக் கேட்டாய் என்பதை நினைத்தால் அழுகைதான் வந்தது.

மில்லில் நடந்ததையும் ஞாயிற்றுக்கிழமை நீயே சொன்னாய். மூட்டை எடை போடுகிற மெஷினில் லோடுமேன்கள் உன்னை விளையாட்டாக ஏற்றி நிறுத்தினார்களாம். "சாரு ரெண்டு மூட்டை இருப்பாருடா" என்று ஒருவன் சொன்னானாம். நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டாய். சிரிக்காமல் வேறு என்ன செய்வாய். ஆனால் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்த முதலாளியம்மாவும் சிரித்தார்கள் என்று சொல்லும்போது உன் குரல் மாறிவிட்டது. "அவங்களும் சிரிச்சாங்கப்பா" என்று இரண்டு தடவை சொன்னாய். சிரித்தவரிடம் போய் இப்படி ஓர் ஆபரேஷன் என்று எப்படிச் சொல்வது என்பதுதான் உன் சங்கடம். அந்தச் சிரிப்பை நான் நியாயப்படுத்த மாட்டேன். நல்ல மனுஷிதான், அன்றைக்குத் தப்பாகச் சிரித்துவிட்டார். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். என்னிடமும் இருக்கிறது என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

ஆனால் அந்த அம்மா உன்னை எப்படி நம்ப ஆரம்பித்தார் என்பதற்கு நான் சாட்சி. நீ மில்லில் சேர்ந்த புதிதில் நம் குறுவை நெல்லை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு நானே நீடாமங்கலம் வந்தேன். மகன்தானே தரம் பார்க்கிறான், பத்து நிமிஷத்தில் இறக்கிவிட்டுப் போய்விடலாம் என்று நினைப்பு. நீ எல்லார் மூட்டையிலும் செய்வதுபோல என் மூட்டையிலும் குத்தூசியை விட்டு நெல்லை எடுத்தாய், ஈரம் பார்க்கும் மெஷினில் போட்டாய். பிறகு என் முகத்தைப் பார்க்காமலேயே, "ஈரம் அதிகமா இருக்குப்பா. காயவெச்சுக் கொண்டாங்க" என்றாய். "நம்ம நெல்லுடா" என்றேன். "அதான்ப்பா சொல்றேன்" என்றாய். முதலாளியம்மா வெளியே வந்து, "செந்தில், அப்பாவோடதா? போட்டுக்கப்பா, பரவாயில்லை" என்றார்கள். நீ மெஷினைத் திருப்பி அவர்களிடம் காட்டினாய். இந்த ஈரத்தோடு போட்டால் அடியில் இருக்கும் மூட்டையெல்லாம் பழுப்படிக்கும் என்றாய். அந்த அம்மா உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். நான் நெல்லைத் திரும்ப ஏற்றிக்கொண்டுபோய்த் தார்ச்சாலையில் கொட்டி, போகிற வருகிற பஸ்ஸுக்கெல்லாம் ஒதுக்கி ஒதுக்கிக் காயவைத்தேன். ஒரு வாரம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊரில் யாராவது கேட்டால் மட்டும், "எம்மவன் அப்பன் நெல்லையே திருப்பி அனுப்பிட்டான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது குறையாகச் சொன்னது இல்லை என்று கேட்டவர்களுக்குத் தெரியும். பெற்றவன் நெல்லின் ஈரத்தை முதலாளியிடம் மறைக்காத நீ, இப்போது உன் உடம்பை மட்டும் மறைக்கப் பார்க்கிறாய்.

சரி, மாலை விஷயத்துக்கு வருகிறேன். சாமி கோபித்துக்கொள்ளும் என்று நான் பயப்படவில்லை. எத்தனையோ பேர் எதையெதையோ நினைத்துக்கொண்டு மாலை போட்டிருக்கிறார்கள், அவனும் எல்லாரையும் மலை ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறான். என் கவலை வேறு. எனக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது மோதிரத்தைக் கழற்று, அரைஞாண் கயிற்றை எடு என்று நர்ஸ் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டாள். உடம்பில் ஒரு நூல்கூட இருக்கக் கூடாது என்றாள். அதுவே கண்ணுக்கு. உனக்கு வயிற்றில். கழுத்தில் துளசி மணியோடு உன்னை உள்ளே விடுவார்களா? உன்னை மேசையில் படுக்கவைத்துவிட்டு மாலையைக் கழற்றிக் கயல் கையில் கொடுப்பார்கள். நடு விரதத்தில் மாலையைக் கழற்றுவது நம் வழக்கத்தில் எப்போது என்று உனக்குத் தெரியும். வீட்டில் சாவு விழுந்தால்தான். நான் போட்ட மாலையை ஆபரேஷன் அறை வாசலில் வைத்து உன் பெண்டாட்டி கையில் வாங்கிக்கொண்டு நிற்கிறதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

இன்னும் இருக்கிறது. மாலை போட்டவன் செருப்பில்லாமல் நடக்க வேண்டும், காலையும் மாலையும் பச்சைத்தண்ணீரில் குளிக்க வேண்டும். தையல் போட்ட வயிற்றோடு கார்த்திகைக் குளிரில் அதைச் செய்வாயா? செய்யாவிட்டால் மில்லில் மாலை போட்ட மற்றவர்கள் கேட்க மாட்டார்களா? ஒரு பொய்யை நிற்கவைக்க இன்னும் எத்தனை பொய் வேண்டும் என்று யோசித்துப் பார். அங்கே மத்தியானச் சாப்பாடு எல்லாருக்கும் ஒன்றாகத்தான். முதலாளியம்மா நின்று, இலை இலையாகப் பார்த்து, யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுப் போடுகிறவர்கள். மாலை போட்டவர்களுக்கு முதல் வரிசையில் தனி இலை. அவர்களில் பையன் வயதுக்காரனைப் பார்த்தாலும் கையெடுத்துக் கும்பிட்டு, "சாமி சரணம்" என்று சொல்லிவிட்டுத்தான் அந்த அம்மா கரண்டியை எடுப்பார்கள். ஒரு தடவை நானே பார்த்திருக்கிறேன். உன்னைவிட எத்தனையோ வயது மூத்தவர் உன்னைக் கும்பிடுவார். நீயும் பதிலுக்குச் சரணம் சொல்ல வேண்டும். உன்னால் முடியாது. என்னால் முடியுமோ என்னவோ, உன்னால் முடியாது. சாமி மன்னித்துவிடுவான். அந்த அம்மா கும்பிட்ட கையை யார் திருப்பி வாங்குவது?

அதைவிடச் சாதாரணமான கணக்கு ஒன்று இருக்கிறது, உன் புத்திக்கு எப்படி எட்டாமல் போனது என்று ஆச்சரியமாக இருக்கிறது. மாலையை, தை பிறந்தால் கழற்றிவிடலாம். உன் வயிறு அப்படியா? அதற்கப்புறம் ஆயுசுக்கும் நீ ஒரு கைப்பிடிதான் சாப்பிட முடியும். மென்று மென்று, மெல்ல மெல்ல. சாப்பாட்டுக்கு நடுவில் தண்ணீர் குடிக்க முடியாது. இனிப்புக் கொஞ்சம் அதிகமானால் வியர்த்துக் கொட்டி மயக்கம்கூட வரலாமாம். மாட்டுப்பொங்கல் முடிந்து மில் திறக்கிற அன்றைக்கு அந்த அம்மா புது நெல் அரிசியில் சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தன் கையால் எல்லாருக்கும் போடுவார்களே, அன்றைக்கு என்ன செய்வாய்? "என்னப்பா செந்தில், விரதந்தான் முடிஞ்சிருச்சே" என்று இன்னொரு கரண்டி வைப்பார்கள். நம் பக்கத்தில் போட்டதை மறுத்தால் மனஸ்தாபம். மறுக்காமல் சாப்பிட்டால் உன் உயிருக்கு ஆபத்து. அன்றைக்கு நீ மயங்கி விழுந்தால், என்ன செய்ய வேண்டும், யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. இதற்காகத்தான் சொல்கிறேன். யோக்கியனாக இரு என்று உனக்குப் பாடம் நடத்த இதை எழுதவில்லை. நீ உயிரோடு இருக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

சொல்வது என்றால் எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்வது இல்லை. லோடுமேன்களிடம் சொல்ல வேண்டாம். உன்னோடு ஆபீசில் இருக்கும் பையன்களுக்கும் தெரிய வேண்டியதில்லை. முதலாளியம்மா ஒருத்தருக்குத் தெரிந்தால் போதும். எடை எவ்வளவு, எத்தனை வருஷமாக என்ன என்ன செய்து பார்த்தாய், ஏன் குறையவில்லை என்ற விசாரணைக்கெல்லாம் நீ பதில் வைத்துக்கொண்டு போக வேண்டாம். நீ குற்றவாளி இல்லை. காலையில் லாரிகள் வருவதற்கு முன்னால், அவர்கள் ஆபீசில் தனியாகக் காப்பி குடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் போ. உட்காரச் சொன்னால் உட்கார். "அம்மா, எனக்கு வயித்துல ஒரு ஆபரேஷன் இருக்கு. கார்த்திகை நடுவுல. ஒரு மாசம் லீவு வேணும். வந்ததுக்கு அப்புறமும் கொஞ்ச நாளைக்கு மூட்டை தூக்க முடியாது, சாப்பாடும் எப்பவும் கொஞ்சமாத்தான். மில்லுல மத்தவங்களுக்குத் தெரிய வேணாம்னு நெனைக்கிறேன்" என்று சொல். இவ்வளவுதான். வாயில் வராவிட்டால் குளிக்கும்போது இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொள். என்ன ஆபரேஷன் என்று கேட்டால் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். அது உன் இஷ்டம். சொல்வதாக இருந்தால், "எடை குறையுறதுக்கு, டாக்டர் சொல்லிட்டாங்க" என்று நேராகச் சொல், தலையைக் குனிந்துகொண்டு சொல்லாதே. சொல்லாவிட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பொய் மட்டும் வேண்டாம்.

அதையும் இந்த வாரமே சொல். இப்போது குறுவை நெல் வரத்து ஓய்ந்துவிட்டது, சம்பா தை பிறந்த பிறகுதான் வரும். நடுவில் மில்லில் வேலை கொஞ்சம் மந்தம்தான். யாரை உன் இடத்தில் நிறுத்துவது, யாருக்கு ஈரம் பார்க்கச் சொல்லிக்கொடுப்பது என்று ஏற்பாடு செய்ய அவர்களுக்கும் நேரம் வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்கிற அன்று காலையில் போன் செய்து சொன்னால் எந்த முதலாளிக்கும் எரிச்சல்தான் வரும். டாக்டரிடம் ஒரு சான்று வாங்கிக்கொள், அதில் என்ன எழுத வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள். வயிற்று அறுவைச் சிகிச்சை என்று எழுதினாலே போதும் என்று கயல் விசாரித்து வைத்திருக்கிறாள். அவள் உன்னைவிட முன்னால் யோசிக்கிறாள், அவள் பேச்சைக் கேள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் நடக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அவர்கள் மறுபடியும் சிரிக்கலாம். "வாயைக் கட்டக் கூடாதாப்பா" என்று உன் அப்பன் கேட்டதையே கேட்கலாம். அப்படிக் கேட்டால், "கட்டிப் பாத்துட்டேன்மா, பல வருஷம்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இரு. லீவு தருகிறேன், ஆனால் உன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான் என்றும் சொல்லலாம். முதலாளிகள் முதலாளிகள்தான். அப்படியே ஆனாலும் ஆபரேஷன் நடக்கட்டும். வேலையைப் பார்த்துத் தேதியைத் தள்ளிப்போடாதே. எனக்கு வயலும் வீடும் இருக்கிறது, மாட்டை விற்கச் சொல்கிறாள் உன் அம்மா, விற்க வேண்டிய அளவுக்கு இன்னும் வரவில்லை. நெல்லின் ஈரத்தை மறைக்காத ஆளுக்கு இந்த ஜில்லாவில் வேலை கிடைக்காமல் போகாது. நீ இருந்தால் வேலை தேடிக்கொள்ளலாம்.

எனக்கு உண்மையில் எதற்குப் பயம் என்று இன்னும் எழுதவில்லை. ஆபரேஷனுக்குத்தான் பயம். உள்ளே போன பிள்ளை திரும்பி வருவானா என்கிற பயம். கயலுக்கு இதைக் காட்டாதே, அவளிடம் நான் தைரியமாகப் பேசிவைத்திருக்கிறேன். டாக்டர் நல்லவர், இப்போதெல்லாம் சின்ன ஓட்டை போட்டே செய்துவிடுகிறார்கள், நாலாம் நாள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று அவளிடம் சொன்னேன். அவள் எனக்குச் சொன்னதைத்தான் அவளிடமே திருப்பிச் சொன்னேன். தூக்கத்தில் உன் மூச்சு நிற்கிறது என்று அவள் சொன்ன பிறகு, செய்யாமல் இருப்பதற்கும் பயமாக இருக்கிறது. இரண்டு பயத்துக்கும் நடுவில் இருக்கிறேன். செய்துகொள்வதுதான் சரி என்று இப்போது எனக்குப் புரிகிறது.

நேற்று நம் ஐயப்ப பக்தர் கூட்டத்தைக் கூட்டினேன். இந்த வருஷம் நான் மாலை போடவில்லை, மாணிக்கத்தைக் குருசாமியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். எல்லாரும் அதிர்ந்துபோனார்கள். உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் போகாத வருஷம் கிடையாது. உடம்புக்கு என்ன குருசாமி என்று கேட்டார்கள். ஒரு பொய் சொல்லிவிட்டால் லேசாக முடிந்துவிடும் என்று எனக்கும் தோன்றியது. முழங்கால் வலி என்றால் போதும், ஒருவரும் மேலே கேட்க மாட்டார்கள். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பிறகு சொன்னேன், "எனக்கு ஒண்ணுமில்ல. எம்மவனுக்கு ஆபரேஷன். நான் அங்கதான் இருக்கணும். என்ன ஆபரேஷன்னு கேக்காதீங்க." சொல்லும்போது குரல் கொஞ்சம் நடுங்கியது. சொல்லி முடித்த பிறகு நடுங்கவில்லை.  மாணிக்கம் மட்டும், "எந்த ஊரு ஆஸ்பத்திரி? ரத்தம் கித்தம் வேணும்னா முன்னாடியே சொல்லிடுங்க, நம்ம பசங்க வருவாங்க" என்றான். அவ்வளவுதான், தம்பி. ஒருவரும் வேறொன்றும் கேட்கவில்லை. அதற்கு மேல் நானும் சொல்லவில்லை, அது நீ சொல்ல வேண்டியது.

முதலாளியம்மாவைப் பார்க்கப் போகிற அன்றைக்கு நானும் நீடாமங்கலம் வரட்டுமா? உள்ளே வர மாட்டேன், மில்லுக்கு எதிர்த்தாற்போல் இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். வேண்டாம் என்றால் வேண்டாம், வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்னை வர வேண்டாம் என்று சொல்லாதே.

அப்பா